நீ பேசு, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்

மக்களே, என் மகனே,

நாளைக்குச் சாயங்காலம் நீ திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுவாய். ரயிலடியில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்க ஓடுவார். பெரியப்பா பெட்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி உனக்குப் புத்தி சொல்வார். நான் உன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வண்டி நகர்ந்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அதனால் இன்றைக்கே எழுதிவைக்கிறேன். எழுத்து உனக்கு எவ்வளவு சிரமம் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. இருந்தாலும் வண்டியில் உனக்கு நேரம் கிடக்கிறது. மெதுவாகப் படி. ஒரு வரி கைவிட்டுப்போனால் திரும்ப மேலே போ. யாரும் பக்கத்தில் நின்று உன்னை அவசரப்படுத்தப் போவதில்லை. இன்னொன்றும் உண்டு. உன்னை எட்டாம் வகுப்பில் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, கல்லூரி சேர்க்க அலைந்த கதையை எழுதிக் கொடுத்தால் இதே போன்ற பிள்ளைகளின் அம்மா அப்பாமாருக்குக் காட்டலாம் என்று கேட்டிருந்தார். உன்னிடம் கேட்டதற்கு, "குடு. ஆனா என் பேரு போடாண்டாம்" என்றாய். அதனால் இதில் உன் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்வேன். அது அவர்களுக்காக. பொறுத்துக்கொள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டும். பெண்பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப வீட்டில் மனமில்லை. நிறுத்தினார்கள் என்றதும் நான் அழுதிருப்பேன் என்று நீ நினைப்பாய். இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதற்கே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இனி யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்ல மாட்டார்கள் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அழுகை வெகுகாலம் கழித்து, உன் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் இந்த மணக்காட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு மலையாளம் ஒரு சொல் தெரியாது. பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "எந்தா, வாயில பழமா? மிண்டு பெண்ணே!" என்று கேலி செய்து செய்தே என்னைப் பேசவைத்தார். அப்படியும் நான் பேசியது அவரோடும் மீன்காரியோடும் மட்டும்தான். ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்றால் உன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது உன் நோட்டில் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. கேட்டால் எல்லாம் சொல்வாய். புத்தகத்தைத் திறந்தால் வாய் அடைத்துப்போகும். உன் டீச்சர் நல்ல மனுஷி. "தமிழ்க் குட்டியல்லே, வீட்டில் ஒரு பாஷை, இவிடெ வேற பாஷை. சரியாயிக்கொள்ளும்" என்றார். பெரியப்பா நாகர்கோவிலிலிருந்து வரும்போதெல்லாம் உன் அப்பாவைக் கடிந்துகொள்வார். "எடே, மலையாளத்துப் பள்ளிக்கூடத்துல கொண்டு தள்ளிட்டு, பிள்ள வாசிக்கல்ல வாசிக்கல்லன்னா எப்படிடே?" இரண்டு பக்கத்தாருக்கும் பழி போட ஒரு பாஷை கையில் இருந்தது. ஒரே பாஷை பேசுகிற ஊரில் நீ பிறந்திருந்தால் உன் சிரமத்தை எங்களில் யாராவது முன்னாலேயே கண்டிருப்போமோ என்று நான் யோசித்ததுண்டு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைத்த வீடுகளில் எந்தக் குறையையும் பாஷையின் தலையில் இறக்கிவைத்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஐந்தாம் வகுப்புக்கு உன்னைப் பெரியப்பா வீட்டில் விட்டுத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே வாத்தியார், "திருவனந்தபுரத்துப் பையனில்லா, மலையாளம் கலந்துபோச்சு" என்றார். ஒரு வருஷம் கழித்து நீ திரும்பி வந்தபோது தமிழும் வரவில்லை, மலையாளமும் விட்டுப்போயிருந்தது. முக்கியமாக, உன் சிரிப்பு போயிருந்தது. நம் பாத்திரக் கடையிலிருந்து அப்பா கொண்டுவந்த பழைய பாத்திரங்களை அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் ஒரு விடுமுறை முழுவதும் உட்கார்ந்திருந்தாய்.

எட்டாம் வகுப்பில் ஓமனச் சேச்சிதான் அந்த டாக்டரம்மாவிடம் நம்மை இழுத்துக்கொண்டு போனார். தொண்ணூறுகள் முடியும் நேரம். உன் சிரமத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. உன்னோடு அரை நாள் இருந்துவிட்டு அவர் சொன்னார்: "இது பாஷையோட பிரச்னை இல்ல. எந்த பாஷை கொடுத்தாலும் எழுத்து இந்தக் குட்டிக்கு மெதுவாத்தான் பிடிகிட்டும். புத்தி நல்ல புத்தி. காதால படிக்கட்டும், வாயால பரீட்சை எழுதட்டும்." உன் அப்பா தலையாட்டினார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "அவங்க மலையாளத்துலல்லா சோதிச்சாங்க? தமிழ்ல சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். பாவம், அவரைக் குறை சொல்லாதே. பாஷைதான் காரணம் என்றால் பாஷையை மாற்றிவிடலாம். மாற்ற முடியாத ஒன்று உனக்குள் இருக்கிறது என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்றிலிருந்து நான் உனக்கு வாசிக்க ஆரம்பித்தேன். பஸ் போர்டுகளையும் உன் பழைய புத்தகங்களையும் பார்த்து மலையாள எழுத்து எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. நீ சிமென்ட் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வாய். நான் சுவரில் சாய்ந்து வாசிப்பேன். கடினமான சொல் வந்தால் முனகிவிட்டு நகர்ந்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டே நீ கண்டுபிடித்துவிடுவாய். "அம்மா, அங்க ஒரு வரி முழுங்கிட்டே." மறுநாள் கேட்டால் பத்தி பத்தியாகச் சொல்வாய். விஞ்ஞானம், கணக்கு எல்லாம் சும்மா கேட்பாய். சரித்திரம் வந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவாய். "அந்த ராஜா ஏன் அப்படிச் செஞ்சான்? அவனுக்கு வேற வழி இருந்துதா?" என்று என்னையே கேட்பாய், நான் என்னமோ அந்த அரண்மனையில் வேலை பார்த்தவள் மாதிரி. பத்தாம் வகுப்புப் பரீட்சையிலும் பிளஸ் டூவிலும் நீ சொல்லச் சொல்ல எழுத, உன்னைவிடச் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தந்தார்கள். சரித்திரப் பரீட்சை முடிந்து வெளியே வந்த அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு, "ஆன்ட்டி, இந்தச் சேட்டன் நிறுத்தவே இல்ல. என் கை போச்சு!" என்றாள். நான் அவளுக்கு நாரங்கா வெள்ளம், அதுதான் எலுமிச்சை ஜூஸ், வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம், உன் மதிப்பெண் வந்த அன்றுகூட இல்லை.

பிளஸ் டூ முடிந்ததும் ஆளுக்கொரு கல்லூரி சொன்னார்கள். அப்பாவுக்கு, பெரியப்பா சொன்ன நாகர்கோவில் கல்லூரியில் பி.காம். அங்கே பெரியப்பாவுக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். கடைக்கும் உதவும். ஓமனச் சேச்சிக்கு ஹோட்டல் வேலை சொல்லித்தரும் படிப்பு. "கையால செய்யுற ஜோலி ஏதாவது கொடு, வாசிப்பைக் காட்டிப் பயமுறுத்தாதே" என்றார். எனக்கு என்று ஒரு ஆசை இருந்தது, அதை வெளியே சொல்லவில்லை. எந்தப் படிப்பானாலும் சரி, சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்துவிடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். நான் வாசிக்க, நீ கேட்க. அப்பா உன்னிடம் கேட்டபோது நீ நேராக, "ஹிஸ்டரி" என்றாய்.

"எடே, வாசிக்கதுதான் உனக்குப் பாடு. ஹிஸ்டரின்னா முழுக்க வாசிப்புல்லா?"

"வாசிக்கதுதான்பா பாடு. ஹிஸ்டரி பாடில்ல."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். என் பயம் என்னவென்று இப்போது சொல்கிறேன். கடையில் உட்காருவது கேவலமில்லை. உன் தாத்தா உட்கார்ந்தார், அப்பா உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பாத்திரங்கள்தான் நமக்குச் சோறு போட்டன. ஆனால் தவறான கல்லூரி ஒன்று உன்னை இன்னொரு தரம் தோற்கடித்து அனுப்பினால், நீ கடையின் பின்னறையில் போய் உட்கார்ந்துவிடுவாய், அந்த ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் உட்கார்ந்த மாதிரி. இந்த முறை எழுந்து வர மாட்டாய். விரும்பி உட்காருவது வேறு, அடி வாங்கி உட்காருவது வேறு. அந்த மே மாதம் முழுவதும் என் மனசில் ஓடியது இதுதான்.

முதலில் நாகர்கோவிலுக்குப் போனோம். நீ, நான், அப்பா. வழி முழுக்க நீ ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய். பெரியப்பா பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார். டாக்டரம்மா கொடுத்த சான்றிதழை அப்பாவின் பையில் பார்த்துவிட்டு, "அத உள்ள வைடே. அதக் காட்டினா பயலுக்கு மண்டைக்கு வழியில்ல, புத்தி கொறைவுன்னு நெனப்பான். மலையாளத்துல படிச்சதுனால மார்க்கு கொறஞ்சிட்டுன்னு சொல்லு, போதும்" என்றார். கல்லூரி ஆபீசில் இருந்த பெரியப்பாவின் ஆள் அன்பாகத்தான் பேசினார். "அது செரி, தமிழ்ப் பிள்ளைக்கு அங்க எப்படிப் படிப்பு வரும்? இங்க வந்தாச்சுல்லா, இனி ஜம்முன்னு வந்திரும்" என்று சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த தமிழ்ப் பேப்பரை உன் பக்கம் தள்ளினார். "இந்தா தம்பி, சும்மா இந்தச் செய்திய வாசி. தமிழ் எப்படியிருக்குன்னு பாப்போம்."

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நீ பேப்பரை எடுத்தாய். முதல் சொல்லை எழுத்துக்கூட்டினாய். இரண்டாவது சொல்லில் நின்றாய். அதை விட்டுவிட்டு மூன்றாவதற்குப் போனாய். பெரியப்பா, "பதட்டப்படாதே மக்களே" என்றார். அந்த ஆள் மெல்ல ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். நீ பேப்பரைக் கீழே வைக்கவில்லை. அந்தத் தலைப்பை முடிக்கும் வரை வாசித்தாய். உன் கழுத்து வேர்த்து வழிந்தது. நான் என் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் உன் அப்பா உன் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ தமிழ் வாசிப்பதை அவர் அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. வீட்டில் வாசிப்பு நம் இருவரின் வேலையாக இருந்தது. அவர் கடையில் இருப்பார்.

திரும்பும்போது பஸ் எல்லையில் களியக்காவிளையைத் தாண்டியது. பிறகு அப்பா உன்னிடம் கேட்டார்.

"தமிழும் அப்படித்தானா மக்களே?"

"ஆமாப்பா."

"மலையாளம் மாதிரியே?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான்."

அப்பா எதிர்ச் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ பாஷை ஒண்ணும் செய்யல்ல" என்றார். பாறசாலையில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் உனக்கு ஏத்தங்காய் அப்பம், நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கி வந்தார். நாகர்கோவில் பேச்சு அதோடு முடிந்தது. பெரியப்பாவிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பெரியப்பா உன் படிப்பைப் பற்றிப் பேசும்போது மலையாளத்தைத் திட்டுவதை விட்டுவிட்டார்.

அடுத்தது இங்கே திருவனந்தபுரத்திலேயே பெரிய கல்லூரி. அப்பாவுக்குக் கடையில் ஆளில்லை. போவதென்றால் நான்தான் உன்னோடு போக வேண்டும். ஓமனச் சேச்சி என்னை அவர் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை நடத்தினார். அவர் ஆபீசராக நடித்தார். "சத்தம் வரட்டும், சத்தம்! எலிக்குக் கேட்டா போதாது, ஆபீசருக்குக் கேட்கணும்." இந்த முறை எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கல்லூரி ஆபீசில் சான்றிதழை மேஜைமேல் வைத்து, மனப்பாடம் செய்த மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மகனுக்கு எழுத்து வராது, வாசிக்க வராது, எழுத ஆள் வேண்டும், சார் தயவு செய்ய வேண்டும். என் குரல் நடுங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆபீசில் நின்று முழுசாகப் பேசியிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, "பாவம் குட்டி" என்றார். பிறகு என்னைப் பார்த்தே கேட்டார், ஹிஸ்டரி எதற்கு, ஏதாவது கைத்தொழில் போதாதா என்று. நான் அதற்கும் பதில் சொன்னேன். இடம் தரலாம், பார்க்கலாம், ஒரு பிரச்னையும் இல்லை என்றார். அவர் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அங்கே இருக்கிறாய் என்பதே, பெருமையில் எனக்கு மறந்துபோயிருந்தது.

பஸ்ஸில் நான் உன்னிடம், "எப்படிப் பேசினேன்?" என்று கேட்டேன். சிரிப்பாய் என்று நினைத்தேன்.

"நல்லாப் பேசினே. நீ சொன்னது எல்லாம் செரிதான்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ சொல்லச் சொல்ல, யாரோ ஒரு பையனப் பத்திச் சொல்லுக மாதிரி இருந்து. அவனப் பாத்தா எனக்கே பாவமா இருந்து" என்றாய்.

"மறைக்கவா சொல்லுகே?"

"மறைக்காண்டாம். நான் சொல்லுகேன். அடுத்த எடத்துல நீ வெளிய இரி."

எனக்குக் கோபம் வந்தது. வெளியே காட்டவில்லை. இத்தனை வருஷம் பேச மாட்டேன் என்று கிடந்தவள் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறேன், அதற்குள் மூடச் சொல்கிறானே என்று. ஓமனச் சேச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நன்னாயி! அம்மையைப் பேசவைக்க நான் இருபது வருஷம் பாடுபட்டேன், மகன் ஒரு நாளில் கெடுத்தானே!" சிரித்து முடித்துவிட்டு, "அவன் சொல்றது சரிதான் கேட்டியா. கல்லூரிக்குப் போறது அவன்" என்றார்.

மூன்றாவது இடம் நெடுமங்காடு போகிற வழியில், பெயர் சொன்னால் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரியாத சின்னக் கல்லூரி. ஓடு போட்ட நீளக் கட்டிடம், முன்னால் ரப்பர் மரங்கள். நீ சரித்திர டீச்சரின் அறைக்குள் போனாய். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவருகே நிற்கலாமா என்று எத்தனை தரம் தோன்றியது தெரியுமா? நீ சான்றிதழை எடுத்துக் காட்டினாயா, முதலிலேயே சொன்னாயா, சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாயா. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அதுவரை நான் பயந்து பேசாமல் இருந்திருக்கிறேன். பேசத் தெரிந்த பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே நீ ஏதோ நீளமாகச் சொன்னாய். டீச்சர் குறுக்கே ஏதோ கேட்டார். நீ பதில் சொன்னாய். பிறகு இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், டாக்டரம்மாவிடம் வருகிறவர்களுக்காக. "மொதல்லயே சொன்னேன். எனக்கு வாசிக்க ரொம்ப நேரமாகும், எழுத ஆள் வேணும். கேட்டா மறக்க மாட்டேன். வகுப்புல யாராவது எனக்கு வாசிச்சுத் தந்தா, நான் அவங்களுக்குப் பாடத்தக் கதையாச் சொல்லிக் குடுப்பேன். அப்படி ஆளு கிடைக்குமான்னு கேட்டேன்." நான் கேட்டேன், "வாசிக்கத்தான் நான் இருக்கேனே?" நீ என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ இருக்கேன்னு தெரியும். நீ இல்லாமயும் எனக்குப் பழகணும்லா" என்றாய். அப்போதுதான் டீச்சர் வெளியே வந்தார். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் கொண்டுபோன கேள்விகளில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. பல்கலைக்கழகப் பரீட்சைக்கு எழுத ஆள் தருவார்களா? அவர் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியாது. இங்கே இதுவரை யாருக்கும் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்துச் சொல்றேன். கொஞ்சம் அலைய வேண்டிவரும்" என்றார். பெரிய கல்லூரியில் ஒரு பிரச்னையும் இல்லை என்றார்கள். இவர் தெரியாது என்றார். எனக்கு இவரைத்தான் நம்பத் தோன்றியது. உனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அங்கேயே சேர்ந்தாய்.

இதைப் படிக்கிற மற்ற அம்மா அப்பாக்கள், அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் வருஷப் பரீட்சைக்கு அனுமதி வந்து சேரவில்லை. நீயே கையால் எழுதினாய். ஆங்கிலம் போயிற்று. இன்னொன்றில் மயிரிழையில் தப்பித்தாய். அந்த வாரம் நீ கடையின் பின்னறைக்குப் போனபோது, நான் பயந்தது நடந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் நீ போன கொஞ்ச நேரத்தில் உன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "ஆன்ட்டி, அவன் எவிடெ? நாளைக்கு செமினார், அவன் சொல்லித் தராம நாங்க காலி" என்றார்கள். கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒருவன் வாசிக்க, நீ கேட்டுவிட்டுத் திரும்பக் கதையாகச் சொன்னாய். அப்பா கல்லாவில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். வந்த வாடிக்கையாளரை, "ஒரு நிமிசம் இரிங்க, பய யுத்தத்துல நிக்கான்" என்று நிறுத்திவைத்தாராம். டீச்சர் அலைந்து அடுத்த வருஷத்துக்கு அனுமதி வாங்கித் தந்தார். விட்டுப்போன ஆங்கிலத்தை மூன்றாம் முறை எழுதித்தான் தாண்டினாய். வாசிக்க வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டதால் என் சாயங்காலங்கள் காலியாகிவிட்டன. முதல் சில மாதம் விளக்கு வைத்த பிறகு கையில் புத்தகமில்லாமல் எங்கே உட்காருவது என்றே எனக்குத் தெரியவில்லை. உன்மேல் வருத்தம்கூட இருந்தது. பிறகு ஓமனச் சேச்சி நூலகத்திலிருந்து எடுத்து வருகிற கதைப் புத்தகங்களை வாங்கி எனக்கே வாசித்துக்கொள்ளத் தொடங்கினேன். சத்தம் போட்டுத்தான். மனசுக்குள் வாசிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

போன மாதம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, "ஹைதராபாத்துல எம்.ஏ.க்கு எடம் கிடைச்சிட்டு. சேரப் போறேன்" என்றாய். அப்பா எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அங்க போய் என்னத்தடே திம்பே? காரத்துல வயிறு வெந்து போகும்லா" என்றார். அவருக்கு வருத்தம் வந்தால் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார். இன்னொரு இடமும் கிடைத்தது, அது இதைவிடப் பக்கம் என்று நீ சொன்னபோது, பின்னே ஏன் தூரத்தைப் பிடித்தாய் என்று நான் கேட்டேன்.

"ரெண்டு எடத்துக்கும் போன் பண்ணி மொதல்லயே என்னப் பத்திச் சொன்னேம்மா. ஒரு எடத்துல, அதெல்லாம் பாத்துக்கிடலாம்னு சொல்லிட்டு ஒடனே ஹாஸ்டல் பேச்சுக்குப் போயிட்டாங்க. ஹைதராபாத்துல, அப்போ உனக்கு என்னவெல்லாம் வேணும்னு கேட்டாங்க. நான் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

அவ்வளவுதான். எங்கெல்லாம் எழுதிப் போட்டாய், யார் உனக்கு எழுதித் தந்தார்கள், எந்தத் தேதியில் பேசினாய், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்காமலே முடிவு செய்துவிட்டானே என்று பாத்திரம் கழுவும்போது எனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டேன். பிறகு நினைத்தேன், அன்றைக்கு அந்த வராந்தாவில் நான் எதற்காக உட்கார்ந்திருந்தேன்? நீ உன்னைப் பற்றி நீயே சொல்லிப் பழகத்தானே. அவர்கள் உன்னை எடுத்துக்கொள்வார்களா என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நீயோ சொல்லிவிட்டு, அவர்கள் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்த்து, அவர்களை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானித்திருக்கிறாய். இதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கே தெரியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குகிற அம்மாக்களிடம் நான் சொல்லக்கூடியது இதுதான். பேசத் தெரிந்துகொள்ளுங்கள், பிள்ளை சின்னதாக இருக்கையில் உங்களை விட்டால் அதற்காகப் பேச ஆளில்லை. ஆனால் கல்லூரி வாசலில், பிள்ளை பேச ஆரம்பித்தால் வெளியே ஒரு பெஞ்ச் தேடிக்கொள்ளுங்கள்.

புதிய இடத்தில் எல்லாரும் அந்த டீச்சர் மாதிரி இருக்க மாட்டார்கள். சிலர் பாவம் என்பார்கள், சிலர் சோம்பேறி என்பார்கள். இரண்டும் உனக்கு வேண்டாம். ஒரு நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டிக் கண் எரிந்தால் மூடிவைத்துவிட்டு வெளியே நட. வாசித்துத் தருகிறவர்களுக்கு மறக்காமல் ஏதாவது செய்து கொடு, பாடமானாலும் சரி, ஒரு டீயானாலும் சரி.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. அப்பாதான் எடுப்பார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு முடித்ததும் என்னைக் கூப்பிடச் சொல். அம்மா போனில் ஒன்றும் பேச மாட்டாள் என்று நினைத்துச் சீக்கிரம் வைத்துவிடாதே. வகுப்பு எப்படி, யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், இன்றைக்கு எந்த ராஜா என்ன செய்தான், எல்லாவற்றையும் சொல்லு. ஒரு வரியும் முழுங்காமல் சொல்லு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா